ஒரே கமாண்ட்... ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு பதில்! 'கிட்' ஏன் இப்படிக் குழப்புகிறது?

சூளகிரி, ஓசூர் வட்டாரத்தில் வேலை என்றாலே ஒரு காலத்தில் லேத், வெல்டிங், அசெம்ப்ளி லைன் என்றுதான் பேச்சு இருக்கும். இப்போது அதோடு சாஃப்ட்வேரும் சேர்ந்துவிட்டது. ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளி பக்கம் ஓலா என மின்சார ஸ்கூட்டர் ஆலைகள் வந்துவிட்டன. அந்த ஸ்கூட்டரின் டிஸ்ப்ளேவில் தொடங்கி பேட்டரியைக் கவனிப்பது வரை சாஃப்ட்வேர் வேலைதான். இன்னொரு பக்கம், பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி, ஓசூர் அதியமான் பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் படித்து முடித்துவிட்டு எலெக்ட்ரானிக் சிட்டிக்கு பஸ் ஏறுகிற இளைஞர்கள் ஏராளம்.

கோடிங் வேலைக்குப் போகிற இவர்களில் பெரும்பாலானவர்கள் முதல் வாரத்திலேயே கையில் எடுக்க வேண்டிய கருவி ஒன்று இருக்கிறது. பெயர் 'கிட்'. அதைப் பழகும்போது எல்லோரும் சொல்லும் புகாரும் ஒன்றுதான்: "பக்கத்து சீட்டில் ஓடின கமாண்ட் என் கம்ப்யூட்டரில் மட்டும் ஏன் எரர் காட்டுது?"

தப்பு யாருடையது? பல நேரங்களில் டைப் செய்தவருடையது இல்லை. அந்தக் கருவியே இடத்துக்கு இடம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். எங்கெல்லாம் அப்படி நடக்கும், எந்த இடத்தில் உழைப்பு பறிபோகும், எப்படித் தப்பிக்கலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

*முதலில், கிட் என்றால் என்ன?*

ஒரு சாஃப்ட்வேரை 10 பேர் சேர்ந்து எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்று கணக்கு வைக்க வேண்டும். நேற்றைய நிலைக்குத் திரும்பவும் வழி வேண்டும். இரண்டு பேர் ஒரே ஃபைலில் கை வைத்தால் அதைச் சரியாக ஒட்டவும் வேண்டும். இந்த மூன்று வேலையையும் செய்வதுதான் கிட்.

ஒரு ப்ராஜெக்ட்டின் ஃபைல்களும் அதன் மொத்த வரலாறும் சேர்ந்திருக்கும் இடத்துக்கு 'ரெப்போ' என்று பெயர். ஒரு கட்டத்தில் 'இதுவரை செய்ததைப் பதிவு செய்' என்று சொல்வது 'கமிட்'. மெயின் வேலையைத் தொந்தரவு செய்யாமல் தனியாக ஒரு பாதையில் வேலை பார்ப்பது 'பிராஞ்ச்'.

இதை உருவாக்கியவர் லினக்ஸை உருவாக்கிய அதே லினஸ் டோர்வால்ட்ஸ். லினக்ஸ் குழுவினர் பயன்படுத்தி வந்த 'பிட்கீப்பர்' என்ற சாஃப்ட்வேரின் இலவச உரிமம் நிறுத்தப்பட்டதால், 2005 ஏப்ரலில் அவரே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். அதே ஆண்டு ஜூலையில் பொறுப்பை ஜுனியோ ஹமானோ என்பவரிடம் கொடுத்தார். அன்று முதல் கிட்டைப் பராமரித்து வருபவர் ஹமானோதான்.

கிட் வேறு, கிட்ஹப் வேறு. கிட் என்பது உங்கள் கம்ப்யூட்டரில் டெர்மினலில் கமாண்ட் டைப் செய்து இயக்கும் கருவி. கிட்ஹப் என்பது அந்த ரெப்போக்களை இணையத்தில் வைத்துக்கொள்ள 2008-ல் தொடங்கப்பட்ட தளம். 2018-ல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது.

*ஒரே கமாண்ட், மூன்று விளைவு: எப்படி?*

கிட்டில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது 'செக்அவுட்' என்ற கமாண்டில்தான். காரணம், அது ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு வேலைகளைச் செய்யும். ஒரு பிராஞ்ச்சில் இருந்து இன்னொரு பிராஞ்ச்சுக்குப் போவது ஒரு வேலை. ஒரு ஃபைலில் செய்த மாற்றங்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது இன்னொரு வேலை. முதல் வேலை ஆபத்தில்லாதது. இரண்டாவது வேலை, சேமிக்காத உழைப்பை அழிப்பது.

ஒரு உதாரணம். ஒரு ப்ராஜெக்ட்டில் 'பில்லிங்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. டீமில் ஒருவர் தன் கம்ப்யூட்டரில் 'பில்லிங்' என்ற பெயரிலேயே ஒரு பிராஞ்ச்சும் வைத்திருக்கிறார். அவர் 'கிட் செக்அவுட் பில்லிங்' என்று டைப் செய்கிறார். அந்த பிராஞ்ச்சுக்குப் போய்விடுகிறது. பிரச்னை இல்லை.

அதைப் பார்த்த இன்னொருவர் தன் கம்ப்யூட்டரிலும் அதையே டைப் செய்கிறார். அவரிடம் அந்தப் பெயரில் பிராஞ்ச் இல்லை. கிட் என்ன நினைக்கும்? 'ஓ, பில்லிங் ஃபோல்டரைப் பழையபடி ஆக்கச் சொல்றார் போல' என்று எடுத்துக்கொள்ளும். அந்த ஃபோல்டரில் காலையில் இருந்து எழுதி, இன்னும் பதிவு செய்யாத கோடு மொத்தமும் போச்சு. 'நிச்சயமாகச் செய்யலாமா?' என்று ஒரு வார்த்தை கேட்காது. இத்தனை ஃபைல்கள் மாற்றப்பட்டன என்று ஒரே ஒரு வரி வரும். அவ்வளவுதான்.

மூன்றாவது ஒருவரிடம், பொது சர்வரில் இருந்து இறக்கிய 'பில்லிங்' பிராஞ்ச்சின் தகவல் இருக்கிறது. ஆனால் அவரே அதை இன்னும் திறந்ததில்லை. புதிய வெர்ஷன்களில் அவருக்கு மட்டும் 'இது ஃபைலா, பிராஞ்ச்சா என்று தெளிவாகச் சொல்லுங்கள்' என எரர் வரும்.

ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஒருவருக்கு வேலை நடந்தது, ஒருவருக்கு எரர் வந்தது, ஒருவருக்கு உழைப்பே போனது.

*இதைச் சரிசெய்யவே இல்லையா?*

செய்தார்கள். 2019 ஆகஸ்ட்டில் வந்த கிட் 2.23 வெர்ஷனில் இந்த இரட்டை வேலை தனித்தனியாகப் பிரிக்கப்பட்டது. பிராஞ்ச் மாற 'கிட் ஸ்விட்ச்'. ஃபைலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர 'கிட் ரீஸ்டோர்'. பெயரைப் பார்த்தாலே எது என்ன செய்யும் என்று புரியும். மேலே சொன்ன உதாரணத்தில் இரண்டாவது நபர் 'கிட் ஸ்விட்ச் பில்லிங்' என்று டைப் செய்திருந்தால், அப்படி ஒரு பிராஞ்ச் இல்லை என்று எரர் மட்டும் வந்திருக்கும். கோடு பிழைத்திருக்கும்.

ஆனால் பழைய செக்அவுட்டை நீக்கவில்லை. அதுவும் இருக்கிறது, இதுவும் இருக்கிறது. 2019-க்கு முன் எடுத்த யூடியூப் வீடியோ, கல்லூரி லேப் மேனுவல், சீனியர் கொடுத்த நோட்ஸ் எல்லாவற்றிலும் செக்அவுட்தான். புதிதாகப் படிப்பவர்கள் கையில் முதலில் வந்து சேர்வதும் அதுவே.

*வெர்ஷன் மாறினால் நடத்தையும் மாறுமா?*

மாறும். இதற்கு நல்ல உதாரணம் 'கிட் புல்'. சர்வரில் மற்றவர்கள் சேர்த்த மாற்றங்களை உங்கள் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும் கமாண்ட் இது. சர்வரில் ஒருவர் புதிதாக கமிட் செய்திருக்கிறார், நீங்களும் இங்கே தனியாக ஒரு கமிட் செய்திருக்கிறீர்கள் என்றால் இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்ற கேள்வி வரும்.

பழைய கிட் அதைக் கேட்காமலே தன் வழக்கப்படி ஒட்டிவிடும். 2020 ஜூனில் வந்த 2.27 வெர்ஷன், 'எப்படிச் சேர்க்க வேண்டும் என்று செட்டிங்கில் சொல்லுங்கள்' என நீளமான எச்சரிக்கை காட்ட ஆரம்பித்தது. 2021 ஆகஸ்ட்டில் வந்த 2.33-ல் இருந்து, நீங்கள் செட்டிங்கில் சொல்லாவிட்டால் வேலையையே நிறுத்திவிடுகிறது.

இப்போது ஒரு கல்லூரி லேபை யோசித்துப் பாருங்கள். அங்கே உபுண்டு 20.04 இருந்தால் அதோடு வருவது கிட் 2.25. மாணவரின் லேப்டாப்பில் உபுண்டு 22.04 இருந்தால் அதில் வருவது கிட் 2.34. லேபில் சத்தமில்லாமல் நடந்த வேலை, வீட்டுக்கு வந்தால் 'ஃபேட்டல்' என்று மிரட்டும். மாணவர் தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் புது வெர்ஷன் கேட்பதுதான் நல்லது. பழையது கேட்காமல் இருந்ததுதான் சிக்கல்.

*மாஸ்டரா, மெயினா?*

இதுவும் அதே ரகம்தான். புதிய ரெப்போ ஆரம்பித்தால் தானாக உருவாகும் முதல் பிராஞ்ச்சின் பெயர் பல ஆண்டுகளாக 'மாஸ்டர்' என்றே இருந்தது. அந்தச் சொல் அடிமை முறையை நினைவூட்டுகிறது என்ற விமர்சனம் 2020-ல் பெரிதாக எழுந்தது. கிட்ஹப் தளம் அந்த ஆண்டு அக்டோபரில் இருந்து புதிய ரெப்போக்களுக்கு 'மெயின்' என்று பெயர் வைக்கத் தொடங்கியது. கிட் கருவியோ, 2020 ஜூலையில் வந்த 2.28-ல் 'விருப்பமான பெயரை நீங்களே செட் செய்துகொள்ளலாம்' என்று ஒரு வசதியைக் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டது.

விளைவு? தன் கம்ப்யூட்டரில் ரெப்போ ஆரம்பித்தவரிடம் 'மாஸ்டர்' இருக்கும். கிட்ஹப் காட்டும் வழிமுறையில் 'மெயின்' இருக்கும். 'மெயினை அனுப்பு' என்று கமாண்ட் கொடுத்தால், அப்படி ஒன்றே இல்லை என்று எரர் வரும். முதல் ப்ராஜெக்ட்டைப் போட்டுவிட்டு ரெஸ்யூமேவில் லிங்க் சேர்க்கக் காத்திருப்பவரை நிறுத்தி வைக்கும் எரர் இது. பிராஞ்ச்சின் பெயரை 'மெயின்' என்று மாற்றினால் ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை.

*விண்டோஸ், மேக், லினக்ஸ்: மூன்றுக்கும் மூன்று சட்டமா?*

ஓசூர் ஜூஜுவாடி வரைக்கும் ஒரு மாநிலத்தின் விதி, அதைத் தாண்டி அத்திப்பள்ளியில் இன்னொரு மாநிலத்தின் விதி. லாரி அதேதான், லோடும் அதேதான். எல்லை தாண்டினால் பேப்பர் வேறு. கிட்டும் அப்படித்தான். அது தனியாக இயங்குவதில்லை. எந்த கம்ப்யூட்டரில் இருக்கிறதோ, அந்த ஊர்ச் சட்டத்துக்குக் கட்டுப்படும்.

முதல் வேறுபாடு, ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும். ஒரு ஃபைல் பெயரை முதல் எழுத்து மட்டும் பெரிதாக எழுதினாலும், எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் எழுதினாலும் விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றே. மேக்கும் வழக்கமான செட்டிங்கில் அப்படித்தான். லினக்ஸுக்கு அவை இரண்டு தனித்தனி ஃபைல்கள்.

இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. கிட் எந்த ப்ராஜெக்ட்டுக்காக உருவாக்கப்பட்டதோ அந்த லினக்ஸ் கெர்னலையே விண்டோஸில் சாதாரணமாக இறக்கினால் முழுதாக வராது. அதில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் மட்டுமே உள்ள ஜோடி ஃபைல்கள் சில இருக்கின்றன. விண்டோஸில் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்துவிடும். நீங்கள் எதையும் தொடாமலே 'ஃபைல் மாறியிருக்கிறது' என்று கிட் சொல்லும். இப்படி மோதும் ஃபைல்கள் இருந்தால் இறக்கும்போதே எச்சரிப்பது 2018 டிசம்பரில் வந்த 2.20 வெர்ஷனில்தான் சேர்க்கப்பட்டது.

வேடிக்கையோடு நிற்கவில்லை. 2014 டிசம்பரில் இதே எழுத்து வித்தியாசம் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கிட் தன் ரகசியக் கணக்குகளை வைத்திருக்கும் ஃபோல்டரின் பெயரை, பெரிய எழுத்தில் எழுதி ஒரு ரெப்போவுக்குள் ஒளித்து வைத்தால், விண்டோஸிலும் மேக்கிலும் அது உண்மையான ஃபோல்டரின் மேலேயே எழுதிவிடும். அந்த ரெப்போவை இறக்கியவரின் கம்ப்யூட்டரில் வெளியாள் வைத்த கமாண்ட் ஓட அது வழி திறந்துவிட்டது. உடனடியாகப் புது வெர்ஷன் கொடுத்து அடைத்தார்கள்.

இரண்டாவது வேறுபாடு, வரி முடியும் இடம். டைப்ரைட்டர் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வரி முடிந்தால் உருளையை வலது பக்கம் தள்ள வேண்டும், பேப்பரை ஒரு வரி ஏற்ற வேண்டும். இரண்டு செயல். விண்டோஸ் இன்றும் ஒவ்வொரு வரி முடிவிலும் அந்த இரண்டு குறிகளையும் போடும். லினக்ஸும் இன்றைய மேக்கும் ஒரே குறியோடு முடித்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விண்டோஸில் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட் லினக்ஸ் சர்வரில் ஓடாமல் போக இந்த ஒரு குறி போதும். ஒரே ஒரு எழுத்தை மாற்றியவருக்கு 'மொத்த ஃபைலும் மாறியிருக்கிறது' என்று கிட் காட்டுவதற்கும் பல நேரம் இதுதான் காரணம்.

*தமிழில் ஃபைல் பெயர் வைத்தால் என்ன ஆகும்?*

நமக்கு இது முக்கியமான கேள்வி. 'சூளகிரி' என்று தமிழில் ஒரு ஃபைலுக்குப் பெயர் வைத்து 'கிட் ஸ்டேட்டஸ்' கொடுத்துப் பாருங்கள். 'சூளகிரி' என்று வராது. \340\256\232 என்று ஆரம்பித்து மூன்று இலக்க எண்கள் வரிசையாக வரும். அடடா, ஃபைல் கெட்டுப்போச்சு என்று பயப்பட வேண்டாம்.

கம்ப்யூட்டர் கணக்கில் 'சூளகிரி' என்பது ஏழு துண்டு: ச, ஊகாரக் குறி, ள, க, இகரக் குறி, ர, மறுபடி இகரக் குறி. இணையத்தில் பரவலாக உள்ள யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பைட். ஆக மொத்தம் 21 பைட். கிட், ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை ஃபைல் பெயரில் கண்டால் ஒவ்வொரு பைட்டையும் ஒரு எண்ணாகக் காட்டும். நான்கு எழுத்து ஊர்ப் பெயர் 21 எண்களாக நீள்வது இதனால்தான்.

முரண்பாடு எங்கே என்றால், அதே கிட்டில் கமிட் செய்யும்போது எழுதும் குறிப்பைத் தமிழில் எழுதினால் அழகாகத் தமிழிலேயே காட்டும். பெயரில் மட்டும் எண். 'கோர்' பிரிவில் உள்ள 'குவோட்பாத்' என்ற செட்டிங்கை 'ஃபால்ஸ்' என்று மாற்றினால் ஃபைல் பெயரும் தமிழில் தெரியும்.

அடுத்த சிக்கல் இன்னும் நுட்பமானது. 'போச்சம்பள்ளி' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் 'போ' எழுதச் சொல்லிக்கொடுத்தது எப்படி? முன்னால் இரட்டைக்கொம்பு, நடுவில் ப, பின்னால் துணைக்கால். கம்ப்யூட்டரும் இதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ப-வோடு ஓகாரக் குறியை ஒரே துண்டாக வைப்பது ஒரு முறை. கொம்பையும் காலையும் இரண்டு துண்டாகப் பிரித்து வைப்பது இன்னொரு முறை. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே.

மேக் கம்ப்யூட்டர்களில் முன்பு இருந்த ஃபைல் சிஸ்டம், பெயரை வாங்கியதும் பிரித்துத்தான் வைக்கும். லினக்ஸில் சேர்த்து எழுதி அனுப்பிய 'போச்சம்பள்ளி', மேக்கில் பிரிந்து நின்றது. கிட் என்ன சொல்லும்? 'போச்சம்பள்ளி என்ற ஃபைலைக் காணோம். புதிதாகப் போச்சம்பள்ளி என்று ஒரு ஃபைல் வந்திருக்கிறது!' மேக் வைத்திருப்பவர் எதையுமே தொட்டிருக்க மாட்டார். 2012 ஆகஸ்ட்டில் வந்த 1.7.12 வெர்ஷனில் இதற்கென்றே ஒரு செட்டிங் சேர்த்தார்கள்.

சூளகிரியில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் காதில் விழும். இந்தச் சிக்கல் அந்த மொழிகளுக்கும் உண்டு. தமிழில் 'ஓசூர்' என்று எழுதினால் 'ஓ' தனி எழுத்து என்பதால் பிரச்னை இல்லை. அதே ஊரைக் கன்னடத்தில் 'ஹொசூரு' என்று எழுதினால், அங்கே வரும் ஒகரக் குறி இரண்டாகப் பிரியக்கூடியது. தெலுங்கில் ஐகாரக் குறி பிரியும். ஒரே ஊர், ஒரு மொழியில் சரியாக வரும், இன்னொரு மொழியில் மக்கர் செய்யும்.

*பென்டிரைவில் கொண்டுபோனால் ஏன் திறக்க மறுக்கிறது?*

கல்லூரியில் செய்த ப்ராஜெக்ட்டை பென்டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, அந்த பென்டிரைவிலேயே கிட் கமாண்ட் கொடுத்தால் சிலருக்கு 'இந்த ஃபோல்டரின் உரிமையாளர் யார் என்பதில் சந்தேகம்' என்ற பொருளில் எரர் வரும். முன்பெல்லாம் இப்படி வராது.

2022 ஏப்ரலில் வந்த 2.35.2-ல் இருந்துதான் இந்தக் கெடுபிடி. பலர் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில், வேறொருவர் உருவாக்கி வைத்த கிட் ஃபோல்டருக்குள் நீங்கள் தெரியாமல் நுழைந்தால், அவர் வைத்த செட்டிங் உங்கள் பெயரில் ஓடும் அபாயம் இருந்தது. அதனால் ஃபோல்டர் உங்களுடையதுதானா என்று கிட் இப்போது பார்க்கிறது. பெரும்பாலான பென்டிரைவ்களில் உள்ள ஃபைல் சிஸ்டம் 'யாருடைய ஃபைல்' என்ற தகவலையே எழுதி வைக்காது. எனவே கிட் நிறுத்திவிடுகிறது. ப்ராஜெக்ட்டை லேப்டாப்புக்குள் இறக்கிவிட்டு வேலை பார்ப்பது சுலபமான வழி. இல்லையென்றால் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் நம்பகமானது என்று செட்டிங்கில் சேர்க்கலாம். எல்லா ஃபோல்டரையும் நம்பு என்று நட்சத்திரக் குறி போடச் சொல்லும் குறுக்கு வழியைத் தவிர்ப்பது நல்லது. பூட்டைக் கழற்றி வைத்ததற்குச் சமம்.

*ஒரே எழுத்துக்கு ஏன் இத்தனை அர்த்தம்?*

கமாண்டோடு சேர்க்கும் குறி எழுத்துகளிலும் ஒழுங்கு இல்லை. 'கமிட்' கமாண்டோடு 'ஏ' என்ற எழுத்தைச் சேர்த்தால், கிட்டுக்கு ஏற்கெனவே தெரிந்த ஃபைல்களில் உள்ள மாற்றங்களை எல்லாம் எடுத்துக்கொள் என்று அர்த்தம். 'பிராஞ்ச்'சோடு சேர்த்தால், சர்வரில் உள்ளவை உட்பட எல்லா பிராஞ்ச்களையும் காட்டு என்று அர்த்தம். 'டேக்' கமாண்டோடு சேர்த்தால், விளக்கக் குறிப்போடு ஒரு டேக் போடு என்று அர்த்தம்.

கமிட்டுக்கு முன் ஃபைல்களை எடுத்து வைக்கும் இடைப்பட்ட இடத்துக்கு மூன்று பெயர்: இன்டெக்ஸ், கேஷ், ஸ்டேஜிங் ஏரியா. ஒரு கமாண்டில் ஒரு பெயர், இன்னொரு கமாண்டில் இன்னொரு பெயர்.

அமெரிக்காவின் எம்ஐடி-யைச் சேர்ந்த சாந்தியாகோ பெரேஸ் டி ரோசோ, டேனியல் ஜாக்சன் இருவரும் 2013-ல் இதையே ஆய்வாக எழுதினார்கள். கிட்டின் அடிப்படைக் கருத்துகளே ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம் என்பது அவர்கள் வாதம். அதை எளிமையாக்கி 'கிட்லெஸ்' என்று ஒரு மாற்றுக் கருவியையும் செய்து காட்டினார்கள்.

*தெரிந்தும் ஏன் மாற்றவில்லை?*

கிட்டின் உள்பகுதிக் கமாண்டுகளை 'பிளம்பிங்' என்பார்கள். அதாவது சுவருக்குள் ஓடும் குழாய். நாம் டைப் செய்யும் மேல்பகுதிக் கமாண்டுகளுக்கு 'போர்சலைன்' என்று பெயர். கண்ணுக்குத் தெரியும் பீங்கான் வாஷ்பேசின். டோர்வால்ட்ஸ் முதலில் கட்டியது குழாயைத்தான். பேசின்களை வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு காலத்தில், அவரவர் தேவைக்கு மாட்டினார்கள். அதனால்தான் ஒன்றுக்கு வலது பக்கம் திருப்பினால் தண்ணீர் வருகிறது, இன்னொன்றுக்கு இடது பக்கம்.

இப்போது ஒரேயடியாக மாற்றினால் என்ன ஆகும்? உலகம் முழுக்க உள்ள கம்பெனிகளில் பழைய கமாண்டுகளை நம்பி எழுதிய ஸ்கிரிப்ட்டுகள் தினமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இரவோடு இரவாக எல்லாம் நின்றுவிடும். அதனால் புதியதைச் சேர்ப்பார்கள், பழையதை விட்டுவைப்பார்கள், எச்சரிக்கை காட்டுவார்கள், சில ஆண்டு கழித்து மெதுவாக மாற்றுவார்கள். பழைய பயனருக்கு அது பாதுகாப்பு. புதிதாக வருபவருக்குத்தான் தலைவலி.

*அப்படியென்றால் கிட்டை நம்பலாமா?*

நம்பலாம். ஆனால் எதை நம்பலாம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

குழப்பம் எல்லாம் மேலே உள்ள கமாண்டுகளில்தான். உள்ளே இருக்கும் கிடங்கு கறாரானது. ஒவ்வொரு பதிவுக்கும் அதன் உள்ளடக்கத்தை வைத்தே 40 எழுத்து நீள அடையாள எண் கணக்கிடப்படும். அதே உள்ளடக்கம் சூளகிரியில் இருந்தாலும் சான்பிரான்சிஸ்கோவில் இருந்தாலும் எண் ஒன்றேதான். ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும்.

கமிட் செய்த வேலை அவ்வளவு சுலபத்தில் தொலையாது. பிராஞ்ச்சையே அழித்தாலும், 'கிட் ரெஃப்லாக்' என்று கொடுத்தால் நீங்கள் இதுவரை நின்ற இடங்களின் பட்டியல் வரும். அதில் இருந்து மீட்கலாம். அந்தக் குறிப்புகளை வழக்கமாக 90 நாள் வைத்திருக்கும். எந்த பிராஞ்ச்சிலும் இப்போது சேராத கமிட்டுகளின் குறிப்பு என்றால் 30 நாள். 'ஆட்' மட்டும் செய்து கமிட் செய்யாதவற்றைக்கூடக் கொஞ்சம் மெனக்கெட்டுத் தேடி எடுக்க வாய்ப்பு உண்டு.

ஆனால் ஆட்டும் செய்யாமல், கமிட்டும் செய்யாமல் இருக்கும் வேலையைப் பற்றி கிட்டுக்கு எதுவுமே தெரியாது. போனால் போனதுதான்.

2017-ல் இது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. மைக்ரோசாஃப்ட்டின் 'விஎஸ் கோட்' எடிட்டரைப் புதிதாகப் பயன்படுத்திய ஒருவர், அதில் உள்ள கிட் வசதியில் 'டிஸ்கார்ட்' என்ற ஆப்ஷனை அழுத்தினார். 'மாற்றங்களைக் கைவிடு' என்றுதான் அவர் புரிந்துகொண்டார். அவரது ஃபைல்கள் ஒருமுறைகூட கமிட் செய்யப்படாதவை என்பதால், கைவிடுவது என்றால் ஃபைலையே அழிப்பது என்று ஆகிவிட்டது. சுமார் 5,000 ஃபைல்கள், 3 மாத உழைப்பு போனது என்று அவர் கொதித்து எழுதினார். அதன் பிறகு எடிட்டரின் எச்சரிக்கை வாசகம் இன்னும் கடுமையாக மாற்றப்பட்டது.

*பாதுகாப்பாக இருக்க என்ன செய்யலாம்?*

1. பிராஞ்ச் மாறுவதற்கு, வெர்ஷன் திரும்புவதற்கு, எதையாவது அழிப்பதற்கு முன் ஒரு கமிட் போட்டுவிடுங்கள். அரைகுறை வேலையாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு திருத்திக்கொள்ளலாம்.

2. செக்அவுட்டை மறந்துவிட்டு ஸ்விட்ச், ரீஸ்டோர் இரண்டையும் பழகுங்கள். ரீஸ்டோரும் கேட்காமல்தான் அழிக்கும். ஆனால் என்ன செய்யப் போகிறோம் என்று தெரிந்தே செய்வீர்கள்.

3. எரர் வந்தால் முதலில் 'கிட் வெர்ஷன்' கொடுத்து வெர்ஷனைப் பாருங்கள். வீடியோவில் காட்டுவது எந்த வெர்ஷன் என்றும் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

4. புல் செய்யும்போது, நேராகச் சேர்க்க முடிந்தால் மட்டும் சேர், இல்லையென்றால் நிறுத்து என்று செட்டிங்கில் வைத்துக்கொள்ளலாம். 'ஃபாஸ்ட் ஃபார்வர்ட் ஒன்லி' என்று தேடினால் கிடைக்கும்.

5. டீமில் விண்டோஸ், மேக், லினக்ஸ் கலந்திருந்தால், வரி முடிவை ஒரே மாதிரி வைக்கச் சொல்லும் 'கிட்ஆட்ரிபியூட்ஸ்' ஃபைலை ரெப்போவிலேயே சேர்த்துவிடுங்கள். தனித்தனியாக ஆளாளுக்கு செட்டிங் மாற்றத் தேவை இருக்காது.

6. ஆங்கிலத்தில் ஃபைல் பெயர் வைத்தால் எல்லாம் சின்ன எழுத்து என்று முடிவு செய்துகொள்ளுங்கள். தமிழில் வைத்தால் 'குவோட்பாத்' செட்டிங்கை மாற்றுங்கள்.

7. 'ஹார்டு', 'ஃபோர்ஸ்', 'கிளீன்', 'டிஸ்கார்ட்' என்ற வார்த்தைகள் உள்ள எந்த கமாண்டையும், இணையத்தில் இருந்து அப்படியே காப்பி செய்து ஓட்டாதீர்கள். ஒருமுறை 'கிட் ஸ்டேட்டஸ்' கொடுத்து, பதிவாகாத வேலை ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள்.

எல்லாம் மீறி ஏதாவது காணாமல் போய்விட்டால், பதற்றத்தில் அடுத்தடுத்து கமாண்ட் கொடுக்காமல் முதலில் கையை எடுத்துவிடுங்கள். போனது கமிட் செய்த வேலையா, செய்யாத வேலையா என்று பாருங்கள். கமிட் செய்ததென்றால் ரெஃப்லாக்கில் தேடலாம். செய்யாததென்றால் எடிட்டரை மூடாமல், 'அன்டூ' கொடுத்துப் பாருங்கள். சில எடிட்டர்கள் பழைய பிரதிகளைத் தனியாக வைத்திருக்கும், அதிலும் தேடுங்கள். கிட்டுக்கே தெரியாத வேலை அங்கேதான் மிச்சம் இருக்க வாய்ப்பு.